கிணறு புலம்பலின் மிச்ச வரிகள்

உழுந்து வடை பொரிகிற எண்ணெய் மணத்துக்குள் புதிய அச்சு மையின் மணம் வந்து கலந்தால் இந்த வயதிலும் நான் அந்த இடத்தை விட்டு எழும்பிப் போய்விடுவேன். அந்த இரண்டு மணமும் ஒன்றாக வருவது செத்தவீட்டின் முப்பத்தோராம் நாளில்தான். எங்கள் யாழ்ப்பாணத்தில் அந்தியேட்டிக் கிரியை முடிந்து, வீட்டுக்கு வந்தவர்கள் சாப்பாட்டுக்கு இருக்கும் முன்பு, செத்தவரின் பெயரில் ஒரு சிறு புத்தகம் வாசிப்பார்கள். கறுப்புக் கரை போட்ட மட்டைக்குள் அவருடைய வம்சம், குணம், செய்த தருமம், பிறகு அவரை இழந்தவர்கள் அழுகிற அழுகை எல்லாம் பாட்டாகக் கட்டி அச்சடித்திருக்கும். அதற்குக் "கல்வெட்டு" என்று பெயர். தென்மராட்சியில், கொடிகாமத்துக்குக் கிட்ட எங்கள் ஊரிலும் சுற்று வட்டாரத்திலும் யார் செத்தாலும் அந்தக் கல்வெட்டைப் பாடிக் கொடுத்தவர் என் தகப்பனார். அதை ராகத்தோடு வாசித்துக் காட்டியவன் நான்.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதை ஒளிக்க எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. தெற்கே காலியிலிருந்து மலைநாட்டுப் பதுளை வரைக்கும் என் பெயர் ஒட்டிய சுருட்டுக் கட்டுப் போகாத சந்தி ஒரு காலத்தில் கிடையாது. பட்டம் பெற்றவர்கள் என் கடையில் எழும்பி நின்றுதான் என்னோடு கதைத்தார்கள். எல்லாம் என் இரண்டு கையாலும் தலைக்குள் இருக்கிற ஞாபகத்தாலும் வந்தவை. ஒருமுறை காதில் விழுந்த சொல் என்னை விட்டுப் போகாது. ஒருமுறை கண்ட ஆளின் முகமும் போகாது. இதைப் பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைத்தால் நினையுங்கள். பிறகு வருகிற ஒரு காரியத்துக்கு இது தேவைப்படும்.

என் தகப்பனாரை, நான் "ஐயா" என்று கூப்பிட்ட அந்த மனிதரை, இன்றைக்குப் படித்தவர்கள் இரண்டாகப் பிரிந்து நின்று இழுக்கிறார்கள். இந்தத் தீவில் தமிழ்ப் பாட்டின் யாப்பை முதலில் உடைத்து வெளியே வந்தவர் அவர்தான் என்று ஒரு பகுதி சொல்கிறது. யாப்புச் சரிவராமல் வசனத்தை வெட்டி அடுக்கியவர், உண்ட வீட்டுக்குப் பாட்டால் வஞ்சகம் செய்தவர் என்று மற்றப் பகுதி சொல்கிறது. இரண்டு பகுதியும் என்னிடம் வந்தன. இரண்டுக்கும் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினேன். யாரும் கேட்காத ஒன்றை மட்டும் நான் சொல்லவில்லை. அதை இப்போது எழுதுகிறேன்.

இரண்டாவது உலகச் சண்டைக்கு மூன்று நாலு வருடம் முந்திய காலம் அது. ஐயா எங்கள் ஊர்ச் சைவப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். பள்ளிக்கூடத்தை நடத்தியது "பெரிய வளவு" என்று ஊர் சொல்லுகிற வீடு. அந்த வீட்டுப் பெரியவர் ஊருக்கு விதானையார், அரசாங்கம் வைத்த ஊர்த் தலைவர், அவருடைய மூத்த மகன் பள்ளிக்கூடத்துக்கு "மனேச்சர்". ஆகவே எங்கள் வீட்டு உலை கொதித்தது அவர்கள் தயவில் என்று சொன்னால் பிழையில்லை. ஐயா வெண்பா, விருத்தம் எதைக் கேட்டாலும் நின்ற நிலையில் சொல்லுவார். ஆனால் தனக்கென்று எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பியவற்றில் எதுகையும் இருக்காது, மோனையும் இருக்காது. ரயில் சத்தம் கேட்டு வேலிக்கு ஓடுகிற பிள்ளைகளைப் பற்றி, மருந்துப் போத்தலைப் பற்றி, புகையிலைத் தறையில் குனிந்து நிற்கிற பெண்களின் முதுகைப் பற்றி எழுதினார். பத்திரிகை வந்த நாளில் கோயில் வீதியில் நின்றவர்கள் அவரைச் சும்மா விட மாட்டார்கள்.

"வாத்தியார், உது பாட்டோ, கடைச் சாமான் சிட்டையோ?" என்று ஒருவர் கேட்பார்.

"உங்கடை பாட்டுக்கு வேலி இல்லைப் பாருங்கோ. ஆடு மாடெல்லாம் உள்ளுக்கை வரப்போகுது" என்று இன்னொருவர் சொல்லுவார்.

"வரட்டுமே" என்று சொல்லிவிட்டு ஐயா நடப்பார். அப்படிச் சிரித்தவர்கள் வீட்டில் யாராவது செத்தால் கல்வெட்டுக்கு அவரிடம்தான் வந்தார்கள். கல்வெட்டில் அவர் ஒரு சீரைப் பிழையாக வைத்ததில்லை.

அப்படி இருக்கும்போது விதானையார் செத்தார். பெரிய வளவுச் செத்தவீடு என்றால் எப்படி இருக்கும் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். கல்வெட்டு ஐயாவிடம் வந்தது. அவர் இருபது நாளாக எழுதினார். வழக்கமாக இரண்டு நாளில் முடிக்கிறவர் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு கிணற்றடியையே பார்த்தபடி இருப்பார். அம்மா ஐந்து மாதம் வயிற்றில் பிள்ளையோடு இருந்தா. "விதானையாருக்கு அவ்வளவு குணமோ, எழுதி முடியேல்லை?" என்று அம்மா ஒருநாள் கேட்டதும், ஐயா கொப்பியை மூடியதும் எனக்கு ஞாபகம்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அச்சுக்கூடத்தில் இருந்து வருகிற கல்வெட்டை வாசிப்பதற்கு முன் ஒருவரும் பிரித்துப் பார்ப்பதில்லை. எல்லாக் கல்வெட்டும் ஒன்றுதான் என்று எல்லாருக்கும் தெரியும். பெயரும் ஊரும் மாறும். மற்றப்படி செத்தவர் எல்லாரும் தருமத்தின் வடிவம், மனைவிமார் எல்லாரும் கொடியைப் போலத் துவளுவார்கள். முப்பத்தோராம் நாள் காலை ரயிலில் கட்டு வரும், சணல் கயிறு அவிழும், மேலே இருக்கிற ஒரு புத்தகத்தை எடுத்து வாசிப்பார்கள், மிச்சத்தைச் சாப்பாட்டுக்குப் பிறகு பங்கிடுவார்கள். அந்த ஊர் செய்த பிழை இது ஒன்றுதான். பாட்டு ஆபத்தான சாமான் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

பந்தலில் எனக்கு வெள்ளைத் துணி விரித்த பாய். மையின் மணம் மாறாத புத்தகம். எனக்குப் பதினொரு வயது. என் குரல் அந்தக் காலத்தில் வெண்கல மணி போல இருக்கும், கேட்டவர்கள் இன்று ஒருவரும் உயிரோடு இல்லாததால் நானே சொல்ல வேண்டியிருக்கிறது. காப்பு வாசித்தேன், வம்சம் வாசித்தேன். தலைகள் ஆடின. "மனைவி புலம்பல்" வந்தபோது உள்ளுக்குப் பெண்கள் அழுதார்கள். "மைந்தர் புலம்பல்" வந்தபோது மனேச்சர் சால்வையால் கண்ணைத் துடைத்தார். மருமக்கள், பேரர் எல்லாரும் புலம்பி முடிந்தார்கள். தாளைப் புரட்டினால் இன்னொரு தலைப்பு இருந்தது. "கிணறு புலம்பல்."

நான் அதையும் ராகத்தோடுதான் தொடங்கினேன். முதல் வரியிலேயே ராகம் கழன்று விழுந்துவிட்டது. எங்கே இழுப்பது, எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. வேறு வழியில்லாமல் கதைக்கிற குரலில் வாசித்தேன்.

என் வாயில் முள்ளை இட்டவனே,
உன் வாயில் அரிசி இட்டார்கள்.
மூன்று நாள் என் துலாக்கயிறு உன் அறையில் கிடந்தது.
மூன்று நாள் என் தண்ணீரைத் தும்பி மட்டும் தொட்டுப் போனது.
வள்ளி குடத்தோடு வந்தாள்.
குடத்தோடு நின்றாள்.
குடத்தோடு போனாள்.
மறுநாள் அந்தக் குடம் அவள் மகளின் இடுப்பில் வந்தது.
அதற்கும் மறுநாள் குடம் வரவில்லை.
நான் நிறைந்துதான் இருந்தேன்.
வேலிக்கு இந்தப் பக்கம்
வெள்ளை வேட்டியோடு நின்றவன்

இவ்வளவும்தான் வாசித்தேன். பன்னிரண்டு வரி. மனேச்சரின் கை வந்து புத்தகத்தைப் பறித்துக் கிழித்துப் போட்டது.

பந்தலில் இருந்த எல்லாருக்கும் விசயம் தெரியும். அதற்கு முந்திய வருடம் ஒழுங்கைச் சந்தின் கடைசியில் குடியிருந்த கூலிச் சனத்துக்குள் வாந்திபேதி வந்தது. அந்தச் சனம் தாங்களாகக் கிணற்றில் அள்ளக் கூடாது, பெரிய வளவு ஆள் அள்ளி வேலிக்கு மேலால் குடத்துக்குள் ஊற்ற வேண்டும், அதுதான் வழக்கம். நோய் வந்ததும் விதானையார் அந்த வெளிக்கிணற்றின் துலாக்கயிற்றைக் கழற்றுவித்து, கிணற்று வாயில் முள்ளைப் போடுவித்தார். மூன்று நாளில் வள்ளியும் அவளுடைய மகளும் இன்னும் ஒரு கிழவனும் செத்தார்கள். அவர்களுக்குக் கல்வெட்டு இல்லை. ஊர் அதை மறந்து ஒரு வருடமாகிவிட்டிருந்தது.

விதானையாரைச் சொன்னதை ஊர் பொறுத்திருக்கும் என்றுதான் நான் இன்றைக்கும் நினைக்கிறேன். அவர் செத்துப் போனார். ஊரைக் கலக்கியது கடைசி வரி. பந்தலில் இருந்த அத்தனை ஆண்களும் வெள்ளை வேட்டி. நோய் நாட்களில் அந்த வழியால் போகாதவர், வேலியடியில் நின்று பாராதவர் அதற்குள் ஒருவரும் இல்லை.

"உது ஆரைச் சொல்லுது?" என்று ஒரு குரல் கேட்டது.

"வேட்டி கட்டினவையைத்தான். நீர் என்ன, சாரமோ கட்டியிருக்கிறீர்?" என்று பின்னால் ஒருவர் சொன்னார். ஒருவரும் சிரிக்கவில்லை.

பந்தல்காலோடு நின்ற ஐயா முன்னுக்கு வந்தார். "இன்னும் முடியேல்லை. மிச்சத்தையும் பிள்ளை வாசிக்கட்டும், விடுங்கோ."

"வாசிச்சது போதும் வாத்தியார். சாப்பாடு ஆறுது" என்றார் மனேச்சர். அவர் சத்தம் போடவே இல்லை. "உந்தப் புத்தகக் கட்டை இந்த வளவுக்கை வைக்காதையுங்கோ. இப்பவே தூக்குங்கோ."

ஐயா மேல்கயிற்றைத் திரும்ப முடிந்து கட்டைத் தலையில் தூக்கிக்கொண்டார். நாங்கள் சாப்பிடாமல் வெளியே வந்தோம். வெயில் தலையைப் பிளந்தது. எனக்கு அழுகையும் கோபமும். "ஏன் ஐயா என்னை வாசிக்க விட்டனீங்கள்? நீங்களே வாசிச்சிருக்கலாமே?" என்று கேட்டேன். பனங்கூடல் தாண்டும்போது அவர் கட்டைத் தலையில் சரிப்படுத்தி வைத்தார். பிறகு சொன்னார்: "என்ரை குரல் அந்த இடத்திலை நிண்டுபோடும் எண்டு பயந்தன் தம்பி." அவருக்குத் தொண்டைக்கட்டு என்று நான் விளங்கிக்கொண்டேன். பதினொரு வயது மூளை அவ்வளவுதான்.

ஊர்விலக்கு என்று ஒருவரும் வாயால் சொல்லவில்லை. "கட்டாடி" எங்கள் உடுப்பு மூட்டையை வெளுக்காமல் கொண்டுவந்து படலையில் வைத்துவிட்டுப் போனான். முடி வெட்டுகிறவர் எங்கள் வீட்டு ஒழுங்கையால் வருவதை நிறுத்தினார். கோயிலில் ஐயரின் தட்டு எங்களுக்கு முன்னால் வரும்போது வேகமாக நகர்ந்தது. பள்ளிக்கூடத்தில் ஐயாவின் கதிரையில் வேறொருவர் இருந்தார். என்னை வகுப்பு வாசலில் மறித்து, "தம்பி, நீ பேந்து வா" என்று மட்டும் சொன்னார்கள். அந்த வகுப்பில் முதலாம் பிள்ளை நான். அடுத்த வருடம் சாவகச்சேரி இங்கிலீசுப் பள்ளிக்கூடத்துக்குப் போக இருந்தவன்.

எதற்காகப் பாட்டு எழுதப்பட்டதோ அந்தச் சனத்துக்கும் அது நல்லது செய்யவில்லை. பெரிய வளவில் அவர்களுக்குத் தண்ணீர் ஊற்றுவதையே நிறுத்திவிட்டார்கள். ஒருநாள் காலை வள்ளியின் புருசன் வந்து எங்கள் வேலிக்கு அப்பால் நின்றான்.

"வாத்தியார், நீங்கள் எங்களைப் பாடினீங்களாம். உங்கடை பாட்டாலை அவள் எழும்பி வரப்போறாளோ? இருந்த தண்ணியும் போச்சுது."

ஐயா வேலிக்கு மேலால் குடத்தை வாங்கினார். பிறகு கிணற்றடிக்குப் போய்த் துலாவை மிதித்து, ஓலைப்பட்டையில் அள்ளி, அவனுடைய குடத்தை நிறைத்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு விடியலும் எங்கள் வேலி ஓரம் குடங்கள் வரிசையில் நின்றன.

அந்தக் கட்டு எங்கள் வீட்டுச் சாமியறைப் பெட்டகத்துக்குள் இருந்தது. கேட்டு வருகிறவர்களுக்குக் கொடுப்பேன் என்று ஐயா சொன்னார். ஒருவரும் கேட்டு வரவில்லை. மனேச்சர் மூன்று தரம் ஆள் அனுப்பிக் கட்டைத் திருப்பித் தரச் சொன்னார். அச்சுக்கூடத்துக்கும் நேரே போய், ஐயாவின் கையெழுத்துக் கொப்பியை வாங்கி அழித்து, கோத்த எழுத்தையும் கலைப்பித்துவிட்டார். ஆக, இருந்தது அந்தக் கட்டு ஒன்றுதான். ஐயா கொடுக்கவில்லை. ஒருநாள் மத்தியானம் நான் பெட்டகத்தின் மேல் படுத்திருந்தபோது வந்து பக்கத்தில் இருந்தார். "மிச்சத்தையும் ஒருக்கா வாசியன் தம்பி. சத்தமாயில்லை, உனக்குள்ளை" என்றார்.

"மாட்டன்" என்றேன். "உங்கடை பாட்டாலைதான் எல்லாம். நான் தொடவும் மாட்டன்."

அவர் எழும்பிப் போய்விட்டார். இரண்டாம் தரம் கேட்கவில்லை.

அம்மாவுக்கு மாதம் நிறைந்தது. ஒரு காலை நோவு கண்டு மத்தியானமாகியும் பிள்ளை பிறக்கவில்லை. ஐயா மிசன் ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி கேட்டு ஊர் முழுக்க நடந்தார். எல்லா வண்டிக்கும் அச்சு முறிந்திருந்தது, எல்லா மாட்டுக்கும் கால் நொண்டியிருந்தது. பிறகு கொடிகாமத்துக்கு ஓடினார், அங்கே பிறத்தி ஊர் ஆளின் வண்டி பிடிக்கலாம் என்று. நான் மருத்துவிச்சி வீட்டுக்கு ஓடினேன். என்னைப் பிறப்பித்தவள் அவள்தான். படலையைத் திறக்காமல் நின்றாள்.

"எனக்கும் நாலு வீட்டுக்குப் போகவேணும் ராசா. மனேச்சர் ஐயா ஓமெண்டு ஒரு சொல்லுச் சொல்லட்டும், ஓடி வாறன்."

வீட்டுக்குத் திரும்பினேன். உள்ளே அம்மா கத்துவது நின்று, முனகல் மட்டும் கேட்டது. அது எனக்குக் கத்தலைவிடப் பயமாக இருந்தது. நான் பெட்டகத்தைத் திறந்தேன். கட்டைத் தலையில் வைத்தேன். அது கனத்தது. இரண்டு தரம் வழியில் இறக்கி வைத்தேன். கயிறு கையை அறுத்தது. கட்டை அவிழ்க்கவேண்டும் என்று அந்த வழி நெடுக எனக்கு ஒருதரமும் தோன்றவில்லை.

மனேச்சர் விறாந்தையில் இருந்தார். என்னைக் கண்டதும் செருப்பைப் போட்டுக்கொண்டு படி இறங்கினார்.

"கொப்பர் வாத்தியார் அனுப்பினவரோ?"

"இல்லை. நானா வந்தனான். அம்மாவுக்கு ஏலாது. மருத்துவிச்சியை வரச் சொல்லுங்கோ."

அவர் கட்டை ஒரு காலால் தொட்டுப் பார்த்தார். "எல்லாம் இருக்குதோ? ஒண்டும் எடுக்கேல்லையே?"

"ஒண்டும் எடுக்கேல்லை."

"சத்தியமோ?"

"சத்தியம்."

அவர் மோசமான மனிதர் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த இடத்திலேயே ஆளை மருத்துவிச்சி வீட்டுக்கு ஓட விட்டார். பிறகுதான் நெருப்புக் கேட்டார். முற்றத்தில் மாட்டுக் கொட்டில் பக்கமாகக் கட்டை வைத்து மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். இறுக்கிக் கட்டிய தாள் இலேசில் எரியாது. ஓரம் கருகிக் கருகி, நடு வெள்ளையாகவே கிடந்தது. ஒருவன் தடியால் கிண்டினான். கறுப்புக் கரை மட்டைகள் சுருண்டன. நான் ஓடி வீட்டுக்கு வந்தபோது மருத்துவிச்சி உள்ளே இருந்தாள். சூரியன் சாய முன் என் தங்கச்சி பிறந்தாள். அம்மாவும் பிழைத்தா.

வண்டியோடு வந்த ஐயா உள்ளே போய் இருவரையும் பார்த்தார். வெளியே வந்து மருத்துவிச்சியைப் பார்த்தார். பிறகு நேரே சாமியறைக்குப் போனார். பெட்டகத்தின் மூடி திறக்கிற சத்தம் கேட்டது. மூடுகிற சத்தம் உடனே கேட்கவில்லை.

"எல்லாத்தையுமோ?" என்று கேட்டார்.

"ஓம்."

"ஒண்டும் மிச்சமில்லையோ?"

"இல்லை ஐயா."

அவர் என்னை அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. "கொம்மாவுக்குச் சுடுதண்ணி வை" என்று சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போனார். அதற்குப் பிறகு அவர் ஒரு வரியும் எழுதவில்லை. விடியலில் தண்ணீர் இறைத்து ஊற்றினார், அவ்வளவுதான். ஊர் எங்களை மெல்ல உள்ளுக்கு எடுத்தது. தண்ணீர் ஊற்றுவதையும் கண்டும் காணாமல் விட்டது. அவர்கள் பயந்தது அச்சுக்கு. தண்ணீருக்கல்ல. பள்ளிக்கூட வாசலும் எனக்குத் திறந்தது. நான் போகவில்லை. அந்த வாசலால் நுழைய எனக்குக் கால் வரவில்லை. அடுத்த வருடம் அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பியோடு தெற்கே சுருட்டுக்கடைக்குப் போனேன். நான் கைநிறையப் பொருள் தேடிய கதை அங்கே தொடங்குகிறது. அதைக் கேட்க விரும்புகிறவர்களுக்கு வேறொரு நாள் விரிவாகச் சொல்ல எனக்கு ஆசைதான், ஆனால் இது அந்தக் கதை அல்ல.

எனக்குப் பதினெட்டு வயதில் ஐயா செத்தார். கோயில் வீதியில் அவரைக் கேலி செய்தவர்கள் எல்லாரும் வந்தார்கள். கல்வெட்டை மனேச்சரே முன்னின்று வேறொரு புலவரைக் கொண்டு பாடுவித்தார். அதில் ஐயா தருமத்தின் வடிவம். அம்மா கொடியைப் போலத் துவண்டா. "மைந்தர் புலம்பல்" என்று நான் அழுத அழுகையும் நான் ஒருபோதும் சொல்லாத சொற்களில் இருந்தது. என்னைத்தான் வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தேன். காப்பிலிருந்து கடைசி வரி வரைக்கும் முழுவதும் வாசித்தேன். ஒருவரும் நிறுத்தவில்லை.

அன்று பந்தல் பிரித்த பிறகு அம்மா என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டா. "அந்த வெள்ளை வேட்டி ஆரெண்டு உனக்குத் தெரியுமோ?" என்று கேட்டா. தெரியாது என்றேன்.

"கொய்யாதான், உன்ரை ஐயாதான். பள்ளிக்கூடம் விட்டு வரேக்கை வள்ளி வேலிக்கு அங்காலை நிண்டு, 'வாத்தியார், ஒரு குடம்' எண்டு கேட்டவளாம். விதானையார் விறாந்தையிலை இருந்து பாத்துக்கொண்டிருந்தவராம். இவர் குடையோடை கனநேரம் நிண்டுபோட்டு வந்திட்டார். எங்கடை கிணத்திலை தண்ணி இருந்தது. ஒரு குடம் கொண்டுபோய்க் குடுத்திருக்கலாம். பயந்திட்டார். நானும் போகச் சொல்லேல்லை." அம்மா அடுப்புச் சாம்பலைக் கிளறியபடியே இருந்தா. "தன்னை எழுதத்தான் இருவது நாள் இருந்தவர். நீ வாசிப்பாய், எல்லாருக்கும் முன்னாலை கேட்கவேணும் எண்டு இருந்தவர்."

ஆக, தங்களைச் சொல்லிவிட்டாரோ என்று பயந்து ஊரே அவரைத் தள்ளி வைத்தது, அவர் தன்னையே சொன்ன ஒரு வரிக்காக. அந்த வரியின் மிச்சம் நான் கொண்டுபோய்க் கொடுத்த கட்டுக்குள் இருந்தது.

சில வருடங்களுக்கு முன் ஒரு விரிவுரையாளர் தம்பி ஒலிப்பதிவுப் பெட்டியோடு வந்தார். நான் பன்னிரண்டு வரியையும் ஒரு சொல் பிசகாமல் சொன்னேன். என் ஞாபகத்தைக் கண்டு அவர் வாயைப் பிளந்தார், எனக்கும் உள்ளுக்குள் குளிர்ச்சியாக இருந்தது. மிச்சம் எங்கே என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பிறகு அவர் கட்டுரை எழுதினார். "வெள்ளை வேட்டியோடு நின்றவன்" என்று வாக்கியத்தை முடிக்காமல் விட்டதுதான் அந்தக் கவிதையின் உச்சமாம். வாசகனையே குற்றவாளிக் கூட்டில் ஏற்றும் நவீன உத்தியாம். மறு பகுதி எழுதியது: அடுத்தவனைச் சுட்டித் தன்னை ஒளித்துக்கொண்ட கோழையின் பாட்டு. இரண்டையும் என் பேரன் எனக்கு வாசித்துக் காட்டினான். தம்பிமாரே, அது உத்தி இல்லை. மனேச்சரின் கை. அவர் ஒளித்துக்கொள்ளவும் இல்லை. ஒளித்தவன் நான்.

பெரிய வளவில் இப்போது யாரும் இல்லை. வெளிக்கிணற்றைச் சீமெந்துப் பலகையால் மூடி, மேலே மோட்டார் வைத்திருக்கிறார்கள். துலாவும் இல்லை, வேலியும் இல்லை, மதில். என் தங்கச்சி பேரப்பிள்ளைகளோடு நன்றாக இருக்கிறாள். அவளைக் காணும்போதெல்லாம் கட்டைக் கொண்டுபோனது சரி என்றுதான் என் மனம் சொல்லுகிறது, இன்றைக்கும் கொண்டுபோவேன். ஆனால் ஐம்பது வருடம் புகையிலை வியாபாரம் செய்தவன் நான். எவ்வளவு வேண்டிய ஆள் தந்தாலும் கட்டைப் பிரித்து நடுவில் ஒரு இலையை உருவிப் பார்க்காமல் எந்தக் கட்டும் என் கடைக்குள் வந்ததும் இல்லை, போனதும் இல்லை. அந்தத் தொழிலில் அதற்காகவே என்னை மதித்தார்கள். வாழ்க்கையில் ஒரே ஒரு கட்டைத்தான் பிரித்துப் பாராமல் கைமாற்றினேன். ஒரு புத்தகத்தை உருவி மடியில் செருகியிருந்தால் மனேச்சருக்குத் தெரிந்திராது. மருத்துவிச்சியும் வந்திருப்பாள்.

போன கிழமை அந்தச் சீமெந்துப் பலகைக்குப் பக்கத்தில் நின்று பன்னிரண்டு வரியையும் சொல்லிப் பார்த்தேன். வெண்கல மணிக் குரல் போய்விட்டது, சொல் ஒன்றும் போகவில்லை. "நின்றவன்" என்ற இடத்தில் வந்து நின்றேன். மிச்சத்தை வாசி தம்பி என்று கேட்டவர் இல்லை. வாசிக்கத் தாளும் இல்லை.